துருப்பிடித்து இறுகிய சஸ்பென்ஷன் போல்ட்டை வீட்டிலேயே கழற்றுவது எப்படி: பழைய ஆல்டோ வைத்திருப்பவர்களுக்கு

பதினைந்து வருடத்தைத் தொட்ட ஆல்டோ, ஜென், மாருதி 800 வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒருநாள் இது வரும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். காரைத் தூக்கிப் பார்த்தால் சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கும், அல்லது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட் ஆடும். பாகத்தின் விலை பெரிதல்ல. மாற்றும் வேலையும் கடினமல்ல. ஆனால் போல்ட் கழல வேண்டுமே! சென்னையில் கொட்டிவாக்கம், திருவான்மியூர், எண்ணூர் போலக் கடற்காற்று படும் இடங்களில் வருடக்கணக்கில் நின்ற காரில் அது அவ்வளவு எளிதாக நடக்காது.

நான் கேட்ட ஒரு பட்டறையில், "போல்ட் உடைஞ்சா நக்கிளோட மாத்தணும் சார், இப்பவே சொல்லிடறேன்" (நக்கிள் என்பது சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) என்று பாகத்தின் விலையைப் போல ஐந்தாறு மடங்கு கூலி சொன்னார்கள். அதன்பிறகுதான் வீட்டு வாசலிலேயே இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். நான் பட்ட பாட்டில் பாதிக்கு மேல் முன்கூட்டியே தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியது. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

இது முதல்முறை செய்பவர்களுக்கானது. ஸ்டெப்னி மாற்றத் தெரியும், பிரேக் பேடு மாற்றியிருக்கிறேன் என்ற அளவில் இருந்தால் போதும். காரை ஜாக்கில் தூக்கிப் பழக்கமே இல்லையென்றால், முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. எதைக் காப்பாற்ற வேண்டும், எதை வெட்டலாம்

பானாவைக் கையில் எடுப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். வேலையின் போக்கே இதில்தான் இருக்கிறது.

லோயர் ஆர்மை மாற்றப் போகிறீர்கள் என்றால் பழைய ஆர்ம் காயலான் கடைக்குத்தான் போகும். அதை நெளிக்கலாம், சுடலாம், வெட்டலாம். போல்ட்டும் நட்டும் அப்படித்தான். ஆனால் நக்கிளும், ஆர்ம் வந்து உட்காரும் பாடியின் பிராக்கெட்டும், அதில் வெல்டு செய்த நட்டும் உயிரைப் போலக் காக்க வேண்டியவை. நக்கிளில் மரை போனால் அதோடு வீல் பேரிங், டிரைவ் ஷாஃப்ட் வரை கழற்ற வேண்டி வரும். பாடியில் உள்ள நட் உள்ளுக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்தால் தகட்டை வெட்டித்தான் அதைப் பிடிக்க முடியும்.

ஆகவே ஒவ்வொரு இடத்திலும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது நான் கொடுக்கும் பலம் எந்தப் பக்கம் போகிறது? வெட்ட வேண்டிய நேரத்தில் வெட்டத் தயங்கி, காக்க வேண்டிய பாகத்தில் பலத்தைக் காட்டுவதால்தான் செலவு ஏறுகிறது.

2. பாகம், பில், ஆர்.சி.

பழையதைக் கழற்றிய பிறகு கடைக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். எல்லாப் புதுப் பாகமும் கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். போல்ட், நட், நட் கழலாமல் பூட்டும் ஸ்ப்ளிட் பின் உட்பட.

கடைக்குப் போகும்போது ஆர்.சி. நகலைக் கொண்டு போங்கள். சேசிஸ் எண்ணை வைத்துத்தான் கவுண்டரில் சரியான பாகத்தை எடுப்பார்கள். ஆல்டோவிலேயே வருடத்துக்கு வருடம் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு. பவர் ஸ்டியரிங் உள்ளதா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். சென்னையில் புதுப் பாகத்துக்கு ஜி.பி. ரோடு, பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை. சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை ரப்பரும் பால் ஜாயின்ட்டும் (குண்டு மூட்டு) உள்ள எதையும் பழையதாக வாங்காதீர்கள். நக்கிள் ஒன்றுதான் புதுப்பேட்டையில் தேடலாம்.

பில் கேட்டு வாங்குங்கள். ஷாக் அப்சார்பருக்கு வாரண்டி இருந்தால் பில்லும் அட்டையும் இல்லாமல் கடைக்காரர் பேச மாட்டார். நான் வாங்கிய அளவில், ஆல்டோ லோயர் ஆர்ம் ஒன்று பால் ஜாயின்ட்டோடு சேர்த்து 800 முதல் 1,500 ரூபாய்க்குள், டை ராடு எண்ட் 250 முதல் 500 ரூபாய்க்குள் வந்தது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் போயிருந்தால் மறுபக்கமும் அதே வயதுதான்.

போல்ட் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானிய வழியில் வந்த கார்களில் 10 மி.மீ., 12 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 1.25 மரைதான் (இரண்டு மரைக்கு இடையே 1.25 மி.மீ.) இருக்கும். தெருமுனை ஹார்டுவேர் கடையில் கிடைப்பதோ 10-க்கு 1.5, 12-க்கு 1.75. ஒரு சுற்று ஏறும், ஏறுகிறதே என்று பானா போட்டால் மரையைத் தின்றுவிடும். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலிமைத் தரம் பொறித்திருக்க வேண்டும். பழையதில் என்ன இருக்கிறதோ அதற்குக் குறைந்ததைப் போடக் கூடாது. எண்ணே இல்லாத போல்ட் சஸ்பென்ஷனுக்கு வேண்டவே வேண்டாம். இந்தப் போல்ட்டுகளை மட்டும் ஜென்யூன் பாகமாகவே வாங்குங்கள். சில நேரம் ஆர்டர் கொடுத்து இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். காத்திருங்கள்.

3. கருவிகளும் அவற்றின் செலவும்

காரோடு வந்த பானாவும் ஜாக்கும் இந்த வேலைக்கு ஆகாது. வேண்டியவை இவை:

- ஆறு முனை சாக்கெட்டுகள்: 12, 14, 17, 19 மி.மீ. பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த தலையில் வழுக்கும். தலை ஒருமுறை உருண்டுவிட்டால் வேலை மூன்று மடங்கு.
- நீளக் கைப்பிடி கொண்ட பிரேக்கர் பார், அரை அங்குலம். 500 முதல் 1,000 ரூபாய். ராட்செட்டில் பைப் சொருகி இழுக்காதீர்கள், உள்ளே பல் உடையும்.
- அதே அளவுகளில் ரிங் ஸ்பானர். மறுபக்கத்தைப் பிடிக்க வேண்டும்.
- ஜாக் ஸ்டாண்டு ஒரு ஜோடி. 1,500 முதல் 2,500 ரூபாய். இதில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது.
- ஒன்றரைக் கிலோ சுத்தியல், வயர் பிரஷ், உளி, கனமான நெம்புகோல்.
- ஊடுருவும் எண்ணெய் ஸ்ப்ரே. 200 முதல் 500 ரூபாய்.
- ஆக்ஸா பிளேடு கட்டாயம். நான்கு அங்குலக் கிரைண்டர் இருந்தால் நல்லது, வாடகைக்கும் கிடைக்கும்.
- கண்ணாடி, கையுறை. துரு மேலிருந்து நேராகக் கண்ணில்தான் விழும்.

சின்ன கேஸ் டார்ச் 400 முதல் 800 ரூபாய். அது பயன்படும் இடம் குறைவு, ஆனால் பயன்படும் இடத்தில் வேறு எதுவும் அதற்கு ஈடாகாது. காரில் எல்.பி.ஜி. அல்லது சி.என்.ஜி. கிட் இருந்தால் டார்ச்சை வாங்கவே வேண்டாம். அந்தக் காரின் அடியில் நெருப்பும் கூடாது, கிரைண்டரும் கூடாது.

4. எண்ணெய் விடுவது மூன்று நாள் முன்னால்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மீதி வேலையில் பாதி குறைந்துவிடும். சனிக்கிழமை வேலை என்றால் புதன்கிழமையே தொடங்குங்கள்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி நிறுத்தினால் டை ராடு எண்ட் நட்டும், நக்கிள் பகுதியும் சக்கரத்தைக் கழற்றாமலே தெரியும். முதலில் வயர் பிரஷால் மரையின் மேலுள்ள சேற்றையும் துருவையும் தேய்த்து எடுங்கள். சேற்றின் மேல் எண்ணெய் அடித்தால் சேறுதான் குடிக்கும். பிறகு நட்டும் போல்ட்டும் சேரும் இடத்தில் அடித்து, சுத்தியலால் தலையில் நான்கைந்து தட்டு தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். காலையும் மாலையும் இப்படி. காரை ஓட்டலாம், தடையில்லை. ஓடும் அதிர்வும் நல்லதுதான். பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் மட்டும் எண்ணெய் படாமல் ஒரு அட்டையை வைத்து மறைத்து அடியுங்கள்.

டபிள்யூடி-40 எல்லாக் கடையிலும் கிடைக்கும். அது அடிப்படையில் ஈரத்தை வெளியேற்றச் செய்தது. லேசான துருவுக்குப் போதும். நம் வேலைக்குத் துருவை ஊடுருவும் என்று டப்பாவில் போட்ட தனி வகையைக் கேட்டு வாங்குங்கள். கியர் ஆயிலில் அசிட்டோன் கலந்து சிலர் செய்வார்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் ஒரு பங்கு, அசிட்டோன் ஒரு பங்கு. வேலை செய்யும். ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், பெயின்ட்டையும் ரப்பரையும் கெடுக்கும். டார்ச் எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்தக் கலவையைத் தொடாதீர்கள்.

5. நாளும் நேரமும், காரைத் தூக்குவதும்

ஞாயிற்றுக்கிழமை தொடங்காதீர்கள். ஏதாவது உடைந்தால் கடையும் இருக்காது, லேத் பட்டறையும் இருக்காது. சனிக்கிழமை காலை நல்ல நேரம். முதல் தடவை ஒரு பக்கத்துக்கு ஒரு முழு நாள் என்று கணக்கு வையுங்கள். ஒரு பக்கம் முழுதாக மாட்டி முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள், அப்போதுதான் எது எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு மாதிரி எதிரில் இருக்கும். அடுக்குமாடியில் இருந்தால் அசோசியேஷனிடமும் கீழ்வீட்டுக்காரரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். சுத்தியல் சத்தம் நிச்சயம் கேட்கும்.

சமமான சிமென்ட் தரை வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைத் தளர்த்துங்கள். தூக்கிய பின் ஜாக் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். அப்புறம் காரைப் பக்கவாட்டில் பலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடாமல் நின்றால்தான் கை உள்ளே போகலாம். கழற்றிய சக்கரத்தைப் பாடிக்கு அடியில் படுக்க வையுங்கள்.

ஹாலோ பிளாக், செங்கல் முட்டு கொடுப்பதை நம் ஊரில் நிறையப் பார்க்கிறோம். அவை எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும். நாம் பிரேக்கர் பாரில் முழு உடம்பின் எடையைப் போட்டு இழுக்கப் போகிறோம், கார் அசையும். தயவுசெய்து செங்கலை நம்பாதீர்கள். ஜாக்கை மட்டும் நம்பியும் காரின் கீழே தலையைக் கொடுக்காதீர்கள்.

6. டை ராடு எண்ட்

கழற்றுவதற்கு முன் மரையில் ஒரு பெயின்ட் கோடு போட்டு, லாக் நட் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி எழுதுங்கள். புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றினால், அலைன்மென்ட் செய்யும் இடம் வரையாவது கார் நேராகப் போகும்.

லாக் நட்டை முதலில் தளர்த்துங்கள், எண்ட் நக்கிளில் பூட்டியிருக்கும்போதே. பிறகு ஸ்ப்ளிட் பின்னை எடுங்கள். துருவில் அது உடைந்தால் கவலை வேண்டாம், நட்டைத் திருப்பினாலே துண்டாகிவிடும். கோட்டை நட்டை (ஸ்ப்ளிட் பின் நுழைய மேலே பள்ளங்கள் வெட்டிய நட்) முழுதாகக் கழற்றாமல், போல்ட் முனையோடு சமமாக வரும்வரை தளர்த்தி நிறுத்துங்கள்.

உள்ளே இருப்பது கூம்பு வடிவ ஷாஃப்ட். நட் போனாலும் அது கூம்பில் இறுகி உட்கார்ந்திருக்கும். பலர் மேலிருந்து போல்ட் முனையில் அடிப்பார்கள். முனை காளான் போல விரியும், எண்ட் வராது. அடிக்க வேண்டியது நக்கிள் கையின் பக்கவாட்டில், கூம்பு நிற்கும் கண்ணின் மேல். மறுபக்கம் இன்னொரு கனமான இரும்பை முட்டுக் கொடுத்து, ஒன்றரைக் கிலோ சுத்தியலால் உறுதியாக அடியுங்கள். தயங்கித் தயங்கிப் பத்து அடிப்பதைவிட உறுதியாக இரண்டு. கண் ஒரு கணம் வடிவம் மாறும், எண்ட் 'பட்' என்று கீழே இறங்கும். எண்டை இழுத்தெடுக்கும் புல்லர் இருந்தால் அதைப் பூட்டி இறுக்கிவிட்டு அதே இடத்தில் அடியுங்கள், இன்னும் எளிது.

7. பால் ஜாயின்ட் போல்ட்

ஆல்டோவில் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட் நக்கிளின் பிளவுக்குள் நுழைந்து நிற்கும், ஒரு போல்ட் அதைக் கவ்வியிருக்கும். அந்த போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது. பால் ஜாயின்ட் தண்டில் ஒரு பள்ளம் உண்டு, போல்ட் அதன் வழியாகக் குறுக்கே போகிறது. போல்ட் முழுதாக வெளியே வந்தால்தான் தண்டு இறங்கும். இது தெரியாமல் நெம்புகோலோடு போராடுபவர்கள் நிறைய.

இங்கே உடைந்தால் நக்கிளுக்கு ஆபத்து. அதனால் அவசரம் கூடாது. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு திருப்புங்கள். துரு உடைய அது போதும். பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று வந்தால் எண்ணெய் அடித்து, திரும்ப எட்டில் ஒரு சுற்று இறுக்கி, மறுபடி தளர்த்துங்கள். முன்னும் பின்னுமாகவே கொண்டு வர வேண்டும். ஒரே பக்கம் இழுத்தால் துருத்தூள் மரைக்குள் திரண்டு இன்னும் இறுகும்.

காதையும் கையையும் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். 'டக்' என்று கூர்மையாகச் சத்தம் வந்து அசைந்தால் நல்லது, துரு விட்டுவிட்டது. சத்தமே இல்லாமல் ரப்பரைத் திருகுவது போல மெதுவாக இளகினால் உடனே நிறுத்துங்கள். போல்ட் முறுகுகிறது. அடுத்த இழுப்பில் தலை கையோடு வரும். அந்த இடத்தில்தான் டார்ச்.

சூடு காட்டும்போது போல்ட்டைச் சுடாதீர்கள், அதைச் சுற்றியுள்ள நக்கிள் இரும்பைச் சுடுங்கள். வெளிப்புறம் விரிந்து போல்ட்டை விடும். இரண்டு மூன்று நிமிடம் சுட்டுவிட்டு, ஒரு மெழுகுவத்தியின் முனையை மரை ஓரத்தில் வையுங்கள். உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். பிரேக் ஹோஸ் மீது ஈரத்துணி, டிரைவ் ஷாஃப்ட் பூட் மீது ஈரத்துணி. பக்கத்தில் ஒரு வாளி மணலும், முடிந்தால் தீயணைப்பானும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பைக் காட்டவே கூடாது. சில வகைகளிலிருந்து வரும் புகை நுரையீரலுக்கு நஞ்சு. ஸ்ப்ரே எண்ணெய் அடித்திருந்தாலும் நன்றாகத் துடைத்துவிட்டே சுடுங்கள். ஷாக் அப்சார்பரின் உடலை எந்தக் காரணத்துக்காகவும் சுடாதீர்கள், உள்ளே எண்ணெயும் அழுத்தமும் இருக்கிறது.

போல்ட் வந்த பிறகு பிளவில் ஓர் உளியை லேசாகத் தட்டி ஒரு மயிரிழை விரித்து, ஆர்மை நெம்புகோலால் கீழே அழுத்துங்கள். தண்டு இறங்கும். நக்கிள் விடுபட்டதும் அதை வெளிப்பக்கம் இழுக்காதீர்கள். டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் கழன்றுவிடும். ஒரு கம்பியால் கட்டி நிறுத்துங்கள்.

8. லோயர் ஆர்மின் உள்பக்க போல்ட்: அதிகம் படுத்துவது இதுதான்

ஆர்முக்கு இன்னொரு பிடிப்பும் உண்டு. ஸ்டெபிலைசர் ராடின் (வளைவில் கார் சாயாமல் தாங்கும் கம்பி) முனை ஆர்முக்குள் நுழைந்து, கோட்டை நட்டும் ஸ்ப்ளிட் பின்னும் போட்டு நிற்கும். அதை முதலில் எடுத்துவிடுங்கள். ராடின் மரை துருவில் தேய்ந்திருந்தால் நட்டை வெட்டி எடுப்பது மேல். ராடைக் காப்பாற்ற வேண்டும், நட் பத்து இருபது ரூபாய்.

இப்போது பாடியோடு ஆர்மைப் பிடித்திருக்கும் போல்ட். இங்கே நடப்பது மற்ற இடங்களிலிருந்து வேறுபட்டது. புஷ்ஷுக்கு நடுவில் ஓர் இரும்புக் குழல் இருக்கிறது. போல்ட் அந்தக் குழலின் முழு நீளத்துக்கும் உள்ளே போகிறது. மழைத்தண்ணீர் நுழைந்து, குழலும் போல்ட்டும் ஒன்றோடு ஒன்று துருவால் ஒட்டிப்போய்விடும். மரை நன்றாகவே கழலும். போல்ட்டும் சுற்றும். ஆனால் வெளியே வராது. கூடவே ரப்பர் முறுக்கிக்கொண்டு சுற்றும். நிறையப் பேர் மரைதான் பிரச்சினை என்று நினைத்து மரைக்கே எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார்கள். எண்ணெய் போக வேண்டியது குழலுக்குள்.

முதலில் பாருங்கள்: போல்ட்டின் மறுமுனையில் நட் தனியாக இருக்கிறதா, பாடியோடு வெல்டு செய்ததா? தனி நட் என்றால் தைரியமாக இழுக்கலாம், மறுபக்கம் ரிங் ஸ்பானர் பிடித்துக்கொண்டு. வெல்டு நட் என்றால் முன்னும் பின்னுமாகச் சின்னச் சின்னத் திருப்பல்தான். வெல்டு விட்டுப்போவதற்கு முன் நட் 'சக்சக்' என்று ஆடுவது விரலுக்குத் தெரியும், ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டே திருப்புங்கள்.

மரை விட்ட பிறகும் வரவில்லை என்றால் வரிசை இது:

முதலில், புஷ்ஷின் இரண்டு ஓரத்திலும் பிராக்கெட்டுக்கும் குழலுக்கும் நடுவே தெரியும் மெல்லிய இடைவெளியில் எண்ணெய் அடித்து, போல்ட்டை முன்னும் பின்னும் பத்து நிமிடம் சுற்றுங்கள். அரைமணி நேரம் விட்டு மறுபடியும். நிறைய கார்களில் இதிலேயே வந்துவிடும்.

அடுத்து, தனி நட் உள்ள போல்ட்டாக இருந்தால், நட்டைப் போல்ட் முனையோடு சமமாக வரும்படி திருப்பி ஏற்றிவிட்டு அதன்மேல் அடியுங்கள். வெறும் முனையில் அடித்தால் மரை நசுங்கி, பிறகு துளை வழியாகவே வராது. அடிக்கும்போது ஒருவர் போல்ட் தலையைப் பானாவால் சுற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு மடங்கு பலன்.

அதற்கும் அசையவில்லையா? வெட்டுங்கள். ஆர்ம் எப்படியும் குப்பைக்குப் போவது. பிராக்கெட்டின் உள்முகத்துக்கும் புஷ்ஷுக்கும் நடுவே, புஷ்ஷின் இரண்டு பக்கமும் வெட்டினால் ஆர்ம் கையோடு வந்துவிடும். கிரைண்டர் நுழையாத இடத்தில் ஆக்ஸா பிளேடை மட்டும் கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு அறுக்கலாம். கை வலிக்கும், ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் பிராக்கெட்டுக்குக் கீறல் விழாது. கிரைண்டர் எடுத்தால் பொறி எந்தப் பக்கம் பறக்கிறது என்று முதலில் பாருங்கள். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் காரின் அடியில் பின்னோக்கிப் போகின்றன. ஈரச் சாக்கை அவற்றின்மேல் போட்டு மூடுங்கள்.

வெல்டு நட் உள்ள காரில் வெட்டும்போது தலைப்பக்கத்தை முதலில் வெட்டுங்கள். நட் பக்கத்தில் பிடிக்கும் அளவுக்காவது போல்ட் வெளியே நிற்க வேண்டும், அதைப் பிடித்துத் திருப்பித்தான் மீதியை எடுக்க முடியும்.

புஷ் மட்டும் மாற்றப் போகிறேன், ஆர்ம் நல்லது என்றால் இப்படி வெட்டினாலும் ஆர்ம் தப்பிக்கும். ஆனால் புது புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். ஆர்மைக் கழற்றி லேத் பட்டறைக்கோ பிரஸ் இருக்கும் இடத்துக்கோ கொண்டு போனால் சில நிமிட வேலை. உண்மையில் ஆல்டோவுக்கு முழு ஆர்மே மலிவாகக் கிடைப்பதால், புஷ் மட்டும் மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

9. ஸ்ட்ரட்டும் பின் ஷாக்கும்

ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த முன் ஷாக் அப்சார்பர்) கீழ்ப்பக்கம் நக்கிளோடு இரண்டு பெரிய போல்ட். நட் பக்கத்தை மட்டும் சுற்றுங்கள், போல்ட் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரேக் ஹோஸின் கிளிப்பை முதலில் விடுவியுங்கள், கேலிபரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள்.

மேலே பானட்டுக்குள் தெரியும் நட்டுகளில் நடுவில் இருக்கும் நட்டைத் தொடாதீர்கள். அதுதான் அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைக் கழற்றினால் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வேகத்தில் வெளியே வரும். சுற்றியுள்ள சின்ன நட்டுகளை மட்டும் எடுத்து, ஸ்ட்ரட்டை முழுதாக இறக்கி, ஸ்பிரிங் கம்ப்ரஸர் உள்ள பட்டறையில் கொடுத்து மாற்றி வாங்குங்கள். இந்த ஒன்றை வீட்டில் செய்ய வேண்டாம்.

பின் ஷாக்கில் படுத்துவது கீழ்ப்பக்கக் கண். ஆக்ஸிலை ஜாக்கால் தாங்கிக்கொண்டே கழற்றுங்கள், இல்லாவிட்டால் ஷாக் விட்டதும் ஆக்ஸில் சட்டென்று இறங்கும்.

10. தலை உருண்டால், போல்ட் உடைந்தால்

தலை உருண்டால் ஒரு சைஸ் சின்ன சாக்கெட்டை அடித்து ஏற்றிப் பாருங்கள். 17 உருண்டால் 16. அதுவும் வழுக்கினால் வெல்டரைக் கூப்பிடுங்கள். உருண்ட தலையின் மேல் ஒரு புது நட்டை வைத்து உள்ளே வெல்டு செய்தால் பிடிப்பும் கிடைக்கும், அந்தச் சூட்டிலேயே துருவும் விடும். வீட்டுக்கு வந்து செய்ய 300 முதல் 500 ரூபாய் கேட்பார்கள். வெல்டுக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள்.

நக்கிளுக்குள் போல்ட் உடைந்துவிட்டால் கையில் டிரில் பிடித்துத் துளை போட முயலாதீர்கள். கோணம் ஒரு டிகிரி தவறினாலும் மரை போய்விடும். நக்கிளைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

11. திருப்பி மாட்டும்போது

மரைகளை வயர் பிரஷால் சுத்தம் செய்து, போல்ட் முதலில் கையாலேயே முழுதாக ஏறுகிறதா என்று பாருங்கள். புஷ் குழலுக்குள் போகும் போல்ட் உடம்பில் கிரீஸோ ஆன்டி-சீஸோ (துருவில் ஒட்டாமல் தடுக்கும் பசை) தடவுங்கள். டை ராடு எண்டின் கூம்பில் எதையும் தடவாதீர்கள், அது உலர்ந்தே உட்கார வேண்டும். ஸ்ப்ளிட் பின் எப்போதும் புதியது. கோட்டை நட்டின் துளை சேரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சேருங்கள், பின்னுக்குத் தளர்த்திச் சேர்க்காதீர்கள்.

பட்டறைகளிலேயே அதிகம் தவறவிடும் ஒன்று உண்டு. ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. அப்போது இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகியே நிற்கும்; சில மாதத்தில் கிழியும். 'புதுப் பாகம் போட்டும் சத்தம் வருதே' என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். எல்லாவற்றையும் கையிறுக்கத்தில் விட்டு, ஆர்முக்கு அடியில் ஜாக் கொடுத்து, கார் ஸ்டாண்டிலிருந்து லேசாக எழும்பப் போகும் நிலைவரை தூக்கி, அந்த நிலையில் இறுக்குங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு. இல்லையென்றால், முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நேராகப் பட்டறைக்குப் போய் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்த்து வாங்குங்கள்.

12. அலைன்மென்ட், பதிவு புதுப்பிப்பு

அன்றோ மறுநாளோ வீல் அலைன்மென்ட் செய்துவிடுங்கள், 300 முதல் 600 ரூபாய். தள்ளிப்போட்டால் டயர் தேயும் செலவு அதைப்போலப் பல மடங்கு. கிளம்பும் முன் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் ஹோஸ் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். பிரேக் பெடலை இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும், வீல் நட் உட்பட, மறுபடி ஒருமுறை பாருங்கள்.

பதினைந்து வருடப் பதிவு முடியப் போகும் காராக இருந்தால், இந்த வேலையைப் பதிவு புதுப்பிப்பு ஆய்வுக்கு ஒரு மாதமாவது முன்னால் முடியுங்கள். புதுப்பிக்கப் படிவம் 25. காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாய் ஆனது, அதன்பின் இருபது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு இன்னும் ஏற்றியிருக்கிறார்கள். அதனால் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு அன்றைய தொகையைப் பாருங்கள். ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் தயாராக இருக்கட்டும். ஆய்வில் வண்டியின் கீழேயும் பார்ப்பார்கள், ஆடும் டை ராடு எண்டோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாகம் வாங்கிய பில்லையும் அலைன்மென்ட் சீட்டையும் அதே கோப்பில் போட்டு வையுங்கள். காரை விற்கும்போதும் அவை உதவும்.